மாநிலம் மாறினால் இன்சூரன்ஸ் விதியும் மாறும்

அமெரிக்காவில் சொந்தமாக ஹெல்த் இன்சூரன்ஸ் எடுப்பவர்கள், பிரீமியத்தைப் பார்ப்பதற்கு முன் மாநில விதியைப் பார்த்துவிட வேண்டும். நியூயார்க்கிலும் வெர்மான்ட்டிலும் வயதைக் காட்டிப் பிரீமியத்தை ஏற்ற முடியாது. பெரும்பாலான மாநிலங்களில் 64 வயதுக்காரரிடம் 21 வயதுக்காரரைவிட மூன்று மடங்கு வரை வாங்கலாம். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்களில் இன்சூரன்ஸ் இல்லையென்றால் மாநில வரியோடு அபராதமும் உண்டு.

வேறு மாநிலத்துக்குக் குடிபோகிறவர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள். பழைய பாலிசி புது ஊரில் பெரும்பாலும் அவசர சிகிச்சைக்கு மட்டுமே உதவும். புதிதாகச் சேர 60 நாள் அவகாசம். அதற்கும், குடிபோவதற்கு முந்தைய 60 நாளில் ஒரு நாளாவது இன்சூரன்ஸ் இருந்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு இந்த நிபந்தனை இல்லை. புதியது பொதுவாக அடுத்த மாதம் 1ஆம் தேதிதான் தொடங்கும், அதுவரை பழையதை ரத்து செய்யாதீர்கள்.

கம்பெனி தரும் இன்சூரன்ஸ் என்றால் ஹெச்.ஆரிடம் கேளுங்கள்: "இது செல்ஃப் ஃபண்டட் பிளானா?", அதாவது சிகிச்சைச் செலவை கம்பெனியே தன் பணத்தில் கொடுக்கும் பிளானா என்று. ஆம் என்றால், வேலை வழிச் சலுகைகளுக்கான 1974ஆம் ஆண்டின் எரிசா (ERISA) என்ற மத்தியச் சட்டப்படி, இன்ன சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் பணம் தர வேண்டும் என்ற மாநிலத்தின் கட்டாயங்கள் அதைக் கட்டுப்படுத்தாது. மாசசூசெட்ஸில் குழந்தையின்மை சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே என்று நம்பிப் போகும் தம்பதிக்குக் கையில் பில் வருவது இதனால்தான், வயிற்றெரிச்சலான விஷயம். கார்டில் பெரிய இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் பணம் முதலாளியுடையது. தனியார் கம்பெனியானால் புகாரும் மத்தியத் தொழிலாளர் துறைக்குத்தான் போக வேண்டும்.