அம்மா தண்ணி குடிச்ச ஃப்ளைட்

2017-ல அம்மா முதல் தடவையா அமெரிக்கா போனாங்க. அக்கா ஃப்ரீமான்ட்ல இருக்கா, அவளுக்கு ரெண்டாவது பிரசவம், எனக்கு அப்போ லீவு கிடைக்கல, அதனால அம்மா தனியாத்தான் கிளம்பினாங்க. எகானமி, அதுலயும் நடு சீட்டு. ஒரு பக்கம் காலேஜ் பையன், இன்னொரு பக்கம் வயசான ஒருத்தர், ரெண்டு பேரும் நல்லா தூங்கிட்டாங்களாம், அவங்கள எழுப்பிட்டு பாத்ரூம் போக அம்மாவுக்கு மனசு வரல. பாத்ரூம் போகாம இருக்கணும்னா தண்ணி குடிக்காம இருக்கணும், அம்மாவோட கணக்கு அவ்ளோதான். மொத்தம் இருபது மணி நேரத்துக்கு மேல, ரெண்டு மடக்கு தண்ணியோட, காலத் தொங்கப் போட்டபடியே உக்காந்து போயிருக்காங்க.

இறங்கறப்ப கால் ரெண்டும் வீங்கி செருப்பு வார் ஏறல. செருப்ப கையில பிடிச்சுக்கிட்டு சாக்ஸோட வெளிய வந்தவங்கள பார்த்து நிறைமாசத்துல இருந்த அக்கா அங்கயே உக்காந்து அழுதுட்டா. மெட்டி விரல்ல அழுந்தி தோலெல்லாம் செவந்து கிடந்துச்சாம், சோப்பு தண்ணி விட்டு விட்டு கழட்டி எடுக்க ராத்திரி ஆயிடுச்சாம். "இனிமே அம்மாவ இப்படி அனுப்பாதடா"ன்னு போன்ல சொன்னா. அது எனக்கு உள்ளயே தங்கிடுச்சு.

இப்போ அக்கா பெரிய பொண்ணுக்கு பரதநாட்டிய அரங்கேற்றம். அம்மாவுக்கு 69 வயசு. 2022-ல வலது முட்டி மாத்தியிருக்கு. பாட்டி வராம சலங்கை கட்ட மாட்டேன்னு பேத்தி சொல்லிட்டா. இந்த தடவை நானே கூட்டிட்டுப் போறது, அதுவும் பிசினஸ் க்ளாஸ்லதான்னு முடிவு பண்ணிட்டேன். நானும் ஆபீஸ் வேலையா பல தடவை அமெரிக்கா போயிருக்கேன், எல்லாமே எகானமிதான், ஏறும்போது அந்த பெரிய சீட்டுங்கள தாண்டி பின்னாடி நடந்து போறதோட சரி. உக்காந்தது இதான் முதல் தடவை.

காசு கொடுத்து வாங்கற வசதி எனக்கு இல்ல, எகானமிய விட பல மடங்கு விலை. மைல்ஸ்லதான், அதாவது விமான கம்பெனி கொடுக்கற பாயிண்ட்ஸ்லதான் போட்டேன். சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட க்ரிஸ்ஃப்ளையர் கணக்கு, பறந்ததுல சேர்ந்தது கொஞ்சம், க்ரெடிட் கார்டு பாயிண்ட்ஸ மாத்தி சேர்த்தது மீதி. அந்த பாயிண்ட்ஸ்ல ஒரு பங்கு அம்மாவோட முட்டி ஆபரேஷன் பில்லு, அன்னைக்கு ஆஸ்பத்திரி கவுன்டர்ல கார்ட தேய்ச்சப்போ இப்படி ஒரு நாள் வரும்னு நினைக்கவே இல்ல. முயற்சி பண்றவங்களுக்கு ரெண்டு விஷயம் சொல்லிடறேன். அந்த மைல்ஸ் மூணு வருஷத்துல காலாவதி ஆயிடும், அதனால கார்டு பாயிண்ட்ஸ சீட்டு கண்ணுல தெரிஞ்ச பிறகு மாத்துங்க, முன்னாடியே மாத்தி வெச்சுட்டு காத்திருக்காதீங்க. அப்புறம் உங்க மைல்ஸ்ல அடுத்தவங்களுக்கு டிக்கெட் போடணும்னா அவங்க பேர நாமினியா முதல்லயே சேர்த்து வைக்கணும், அஞ்சு பேர் வரைக்கும் சேர்க்கலாம். ஒரே ஃப்ளைட்ல ரெண்டு சேவர் சீட்டு, அதாவது குறைஞ்ச மைல்ஸ்ல கிடைக்கற சீட்டு, கிடைக்கறதுதான் கஷ்டம். எங்களுக்கு ஒண்ணு உடனே கிடைச்சுச்சு, இன்னொண்ணு வெயிட்லிஸ்ட். அது கன்ஃபர்ம் ஆகற வரைக்கும் தினமும் காலைல எந்திரிச்சதும் பல்லு விளக்கறதுக்கு முன்னாடி மெயிலத்தான் பார்ப்பேன்.

சென்னை டு சிங்கப்பூர் நாலு மணி நேரம், ராத்திரி ஃப்ளைட்டு, அம்மா தூங்கிட்டாங்க, அத பத்தி எழுத பெருசா ஒண்ணும் இல்ல. சிங்கப்பூரோட சாங்கி ஏர்போர்ட்ல இறங்கினது வெள்ளிக்கிழமை விடியக்காலைல. அம்மா வெள்ளிக்கிழமை தலைக்கு குளிக்காம ஒரு வாய் காபி கூட குடிக்க மாட்டாங்க. லவுஞ்சுல ஷவர் ரூம் இருக்குன்னு சொன்னதும் முகமே மாறிடுச்சு. பைய தொறந்து மாத்துப் புடவைய எடுத்துக்கிட்டு போனாங்க, அரை மணி நேரத்துல ஈரத் தலைல துண்ட சுத்திக்கிட்டு விபூதியோட வந்து நின்னாங்க. அதுக்கப்புறம்தான் காபி. கண்ணாடி பக்கமா உக்காந்து ரன்வேய பார்த்துக்கிட்டே குடிச்சாங்க. நான் இத்தனை வருஷத்துல ஏர்போர்ட்ல எத்தனையோ காலைய கழிச்சிருக்கேன், குளிச்சு முடிச்சு நிம்மதியா ஒரு காலைன்னு ஒண்ணு அங்க இருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

சாங்கியில செக்யூரிட்டி சோதனை, விமானம் ஏறற கேட்டுக்கு பக்கத்துலதான். முட்டில உலோகம் இருக்கறதால மெஷின் கத்தும். டாக்டர் லெட்டர கையிலயே வெச்சிருந்தேன், ஒரு பெண் அதிகாரி தனியா கூட்டிட்டுப் போய் கையால சோதிச்சுட்டு விட்டாங்க. முட்டி மாத்தினவங்கள கூட்டிட்டுப் போறவங்க அந்த லெட்டர பெட்டியில போட்டு செக்-இன் பண்ணிடாதீங்க.

விமானம் ஏர்பஸ் ஏ350. சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட இந்த ரகத்துல 253 சீட்டு, அதுல பிசினஸ் 42 தான், 1-2-1ன்னு வரிசை, அதாவது யாரா இருந்தாலும் அடுத்தவங்கள தாண்டாம நேரா நடைபாதைக்கு எழுந்து போகலாம். எனக்கு வேண்டியது இதான். நாங்க நடுவுல இருக்கற ஜோடி சீட்டு எடுத்திருந்தோம், அம்மாவுக்கு அந்தப் பக்கம் நடைபாதை, எனக்கு இந்தப் பக்கம், நடுவுல சின்னதா ஒரு தடுப்பு. இந்த சீட்டுல இன்னொரு சூட்சுமம் இருக்கு. மத்த வரிசையில கால் வைக்கற இடம் முன் சீட்டுக்கு அடியில ஒரு மூலையில சின்ன பொந்து மாதிரி இருக்கும், கால கோணலா நீட்டித்தான் படுக்கணும். மாத்தின முட்டிய அப்படி வைக்க முடியாது. முன்னாடி சுவர் இருக்கற வரிசையில மட்டும் அந்த இடம் அகலமா மேடை மாதிரி இருக்கும். அத சீட் மேப்ல தேடிப் பிடிச்சு போட்டேன். வயசானவங்களுக்கு போடறவங்க அத மறந்துடாதீங்க.

ஏறி உக்காந்ததும் அம்மா முதல்ல சீட்ட பார்க்கல, அக்கம் பக்கத்துல யார் யார்னு பார்த்தாங்க. அப்புறம் என் பக்கம் குனிஞ்சு மெதுவா கேட்டாங்க, "பாத்ரூம் எங்கடா இருக்கு?" காமிச்சேன். "யாரையும் எழுப்ப வேண்டாமா?" வேண்டாம்மான்னேன். எழுந்து, நடந்து, கதவு வரைக்கும் போய் பார்த்துட்டு வந்து உக்காந்தாங்க. "சரி"ன்னாங்க. எட்டு வருஷமா அம்மா மனசுல இருந்த பயணம் அந்த ஒரு வார்த்தைல முடிஞ்ச மாதிரி இருந்துச்சு எனக்கு.

பணிப்பெண்கள்ல ஒருத்தங்க சிங்கப்பூர் தமிழ் பொண்ணு. "என்னம்மா குடிக்கிறீங்க?"ன்னு தமிழ்ல கேட்டதும் அம்மா நிமிர்ந்து உக்காந்துட்டாங்க. தண்ணி கேட்டாங்க. கண்ணாடி டம்ளர்ல வந்துச்சு, அண்ணாந்து குடிச்சுட்டு டம்ளர திருப்பி நீட்டி இன்னொரு தடவை வாங்கி குடிச்சாங்க. நான் ஒண்ணும் சொல்லல. என் டம்ளரையும் எடுத்து அம்மா பக்கம் வெச்சேன், அதையும் குடிச்சாங்க.

அந்த பொண்ணு கட்டியிருந்த கெபாயா, அதான் அவங்க யூனிஃபார்ம், பச்சை, மத்தவங்களுக்கு நீலம். அம்மா புடவைய பார்க்கற கண்ணால பார்த்துட்டு ஏம்மா உனக்கு மட்டும் வேற கலர்னு கேட்டாங்க. நீலம்னா பணிப்பெண், அதுக்கு மேல பதவி உயர்ந்தா பச்சை, அதுக்கும் மேல சிவப்பு, எல்லாருக்கும் மேல மேற்பார்வை பார்க்கறவங்களுக்கு ஊதான்னு சொன்னாங்க. பியர் பால்மான்னு பிரான்ஸ் நாட்டு டிசைனர் வடிவமைச்சதுன்னும் சொன்னாங்க. அம்மாவுக்கு அந்த பேரெல்லாம் நிக்கல, "அப்போ நீ ப்ரமோஷன் வாங்கினவ"ன்னு சொல்லி சந்தோஷப்பட்டாங்க.

சாப்பாடு நல்லா இருந்துச்சு. புக் தி குக்னு ஒண்ணு இருக்கு, 24 மணி நேரத்துக்கு முன்னாடியே என்ன வேணும்னு சொல்லி வைக்கலாம், நான் அம்மா முன்னாடி அசைவம் சாப்பிடறதில்ல, அதனால ரெண்டு பேருக்கும் இந்தியன் வெஜிடேரியன்தான். வெள்ளைத் துணி விரிச்சு பரிமாறினாங்க. சாப்பிட்டு முடிச்சதும் அம்மா தட்டு மேல தட்டு அடுக்கி, ஸ்பூனெல்லாம் ஒண்ணா சேர்த்து, துணிய நாலா மடிச்சு வெச்சுட்டாங்க. "நாங்க பார்த்துக்கறோம்மா, நீங்க சும்மா இருங்க"ன்னு அந்த பொண்ணு சொல்லிட்டு எடுத்துட்டுப் போச்சு. அம்மாவ சும்மா இருங்கன்னு யாராவது சொல்லி நான் கேட்டதே இல்ல. எங்க வீட்ல நாங்க யாரும் சொன்னதில்ல. ரொம்ப நேரம் அதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

படுக்கைய பத்தி சொல்லணும். பட்டன அழுத்தினா சாஞ்சு சாஞ்சு படுக்கை ஆயிடும்னு நினைச்சிருந்தேன், அப்படி இல்ல. நாம எழுந்து நிக்கணும், அவங்க சீட்டோட முதுகுப் பக்கத்த பிடிச்சு முன்னாடி கவுத்து மடக்குவாங்க, அது கீழ விழுந்ததும் பின்பக்கம் மேல வரும், அதான் மெத்தை. மேல விரிப்பு, தலகாணி, போர்வை. அம்மா நடைபாதைல நின்னு தன் சீட்டு கவுந்து கட்டிலா மாறறத வாயத் தொறக்காம பார்த்தாங்க. அப்புறம் கைய ஊனி உக்காந்து, நல்ல கால முதல்ல ஏத்தி, மாத்தின கால ரெண்டு கையாலயும் தூக்கி வெச்சு, மெதுவா சாஞ்சாங்க. கால் முழுசா நீண்டுச்சு. வீட்டுக் கட்டில்ல படுக்கற அதே மாதிரி, ஒருக்களிச்சு, கைய கன்னத்துக்கு கீழ வெச்சுக்கிட்டு.

இதுல உடம்புக்கு என்ன நடக்குதுன்னு டாக்டர் எனக்கு முன்னாடியே விளக்கியிருந்தார். நடக்கறப்போ கெண்டைக்கால் தசை சுருங்கி சுருங்கி ரத்தத்த மேல தள்ளும், மணிக்கணக்கா அசையாம கால தொங்கப் போட்டா அது நின்னுடும், நீர் கீழ இறங்கி வீங்கும், ரத்தம் கட்டிக்கற ஆபத்தும் இருக்கு, தண்ணி குடிக்காம இருந்தா உடம்பு வறண்டு இன்னும் மோசம். கேபின் காத்தும் ரொம்ப வறட்சி. பழைய ரக விமானங்கள்ல உள்ள அழுத்தம் 8,000 அடி உயரத்துல இருக்கற மாதிரி இருக்கும், அதாவது கொடைக்கானல விட உசரத்துல ராத்திரி முழுக்க உக்காந்திருக்கறது, ஏ350-ல அத 6,000 அடிக்கு கொண்டு வந்திருக்காங்க. அம்மாவுக்கு கால இறுக்கிப் பிடிக்கற கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங்ஸ் போட்டிருந்தோம், முழிச்சிருக்கற நேரமெல்லாம் மணிக்கு ஒரு தடவை நடக்க வெச்சேன். எகானமில போறவங்களும் இதெல்லாம் செய்யலாம், செய்யணும், வயசானவங்களுக்கு ஓரத்து சீட்டு மட்டும் எப்படியாவது வாங்கிக் கொடுத்துடுங்க, அதுக்கு கூடுதலா காசு கேட்டாலும் கொடுத்துடுங்க. அன்னைக்கு அம்மாவுக்கு நான் அதைக் கூட பார்க்கல, டிக்கெட் விலைய மட்டும் பார்த்தேன்.

சிங்கப்பூர் டு சான் ஃபிரான்சிஸ்கோ 13,500 கிலோமீட்டருக்கு மேல, பதினஞ்சு மணி நேரம். கிழக்கு பக்கமா பறக்கறதால பகல் சீக்கிரமே சுருங்கிடுச்சு, ஜப்பான தாண்டி பசிபிக் மேல போறப்போ வெளிய இருட்டு. நான் தூங்கல, தடுப்புக்கு மேல எட்டி எட்டி அம்மாவ பார்த்துக்கிட்டே இருந்தேன். நடுவுல ஒரு தடவை அவங்களே எழுந்து, செருப்ப மாட்டிக்கிட்டு, சீட்டு முதுக பிடிச்சு பிடிச்சு பாத்ரூம் போயிட்டு, வர்ற வழில அந்த பொண்ணுகிட்ட தண்ணி வாங்கி குடிச்சுட்டு வந்து படுத்தாங்க. என்ன கூப்பிடல, யாரையும் கூப்பிடல. நான் கண்ண மூடிக்கிட்டு தூங்கற மாதிரி இருந்தேன்.

விடிஞ்சதும் அம்மா கேட்டாங்க, இன்னைக்கு சனிக்கிழமையான்னு. இல்லம்மா, தேதிக் கோட்ட தாண்டிட்டோம், இன்னும் வெள்ளிக்கிழமைதான், சிங்கப்பூர்ல கிளம்பின அதே நாள் காலைல, கிட்டத்தட்ட அதே நேரத்துக்கு இறங்குவோம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "அப்போ அக்கா வீட்ல போய் திரும்பவும் விளக்கேத்தணும், வெள்ளிக்கிழமைதானே"ன்னு சொல்லிட்டு தலைய வாரிப் பின்னிக்க ஆரம்பிச்சாங்க.

சான் ஃபிரான்சிஸ்கோல இமிக்ரேஷன் வரைக்கும் தூரம் ஜாஸ்தி, அதனால வீல்சேர் சொல்லி வெச்சிருந்தேன், அதுலதான் போனாங்க. செருப்பு கால்ல இருந்துச்சு. வெளிய அக்கா, மாமா, பசங்க எல்லாரும் நின்னுக்கிட்டு இருந்தாங்க. பேத்தி ஓடி வந்து கட்டிக்கிட்டா. அக்கா கிட்ட வந்ததும் வராததுமா மண்டி போட்டு உக்காந்து அம்மா கால எடுத்து தன் மடியில வெச்சுக்கிட்டா. செருப்ப கழட்டினா, விரல் வெளிய தெரியற ஸ்டாக்கிங்ஸ்தான், கணுக்கால்ல விரலால அழுத்தி பார்த்தா. லேசா வீக்கம் இருந்துச்சு, இல்லாம இல்ல. அப்புறம் மெட்டிய ரெண்டு விரலால பிடிச்சு மெதுவா திருப்பினா.

சுத்துச்சு.