போஞ்சி வேரும் லீக்ஸ் பாத்தியும்

மார்ச் 9, கந்தப்பளை

லயத்துக்குப் பின்னாலுள்ள துண்டில் போஞ்சி முடிந்துவிட்டது. கொடியை இழுக்கப் போனேன். "வேரோட புடுங்காதய்யா, அடியில அறுத்து விடு" என்றார் அப்பாயி. அறுத்தோம். ஒரு செடியை மட்டும் தோண்டி, வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். வேர் நெடுகக் கடுகு போல முடிச்சுகள். பலது கிழடுதட்டிப் பழுப்பாகி இருந்தது. ஒன்றிரண்டை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருக்கும்வரை ரைசோபியம் பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். செடி அதற்குச் சீனி கொடுக்கும். பயறினங்களில் போஞ்சி இதில் கொஞ்சம் பலவீனம்தான். ஆனாலும் மண்ணில் விட்ட வேர் மக்கி அடுத்த பயிருக்குச் சேரும்.

மார்ச் 16

லீக்ஸ் நட்டாயிற்று. போஞ்சி இருந்த பாத்தியிலும் கோவா இருந்த பாத்தியிலும் ஒரே நாற்று, ஒரே மாட்டெரு.

மே 4

இவ்வளவு வித்தியாசம் வரும் என்று நினைக்கவில்லை. போஞ்சிப் பாத்தி லீக்ஸ் விரல் தடிப்பு. கோவாப் பாத்தியில் இன்னும் பென்சில் கனம்கூட இல்லை.

நைதரசன் மட்டும் காரணமல்ல என்றே படுகிறது. லீக்ஸ் வேர் தடிப்பானது, வேர்மயிர் மிகக் குறைவு. பொசுபரசோ மண்ணில் லேசில் நகராது. நம் புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். வேர் எட்டாத இடத்திலிருந்து அதைக் கொண்டுவருவது மைக்கோரைசா என்ற பங்கசு. வேருக்குள் குடியிருந்து, மயிரைவிட மெல்லிய இழைகளை வெளியே அனுப்புகிறது. கோவா, ராபு, கடுகு வகையறா அதை வேரில் சேர்ப்பதில்லை. ஒரு போகம் முழுக்கக் கோவா என்றால் பங்கசுக்குச் சோறில்லை. பொசுபரசு உரத்தை அள்ளிக் கொட்டினாலும் செடி பங்கசைச் சேர்ப்பது குறைந்துவிடும்.

2021 மே மாதம் இலங்கையில் இரசாயன உரத்தை நாட்டுக்குள் விடாமல் நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள். அந்த வருடம் இந்தத் துண்டு கண்டபடி காய்ந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. காலங்காலமாக உரமூட்டையையே நம்பிய மண்ணில், இந்த உயிர்கள் ஆறு மாதத்தில் பெருகிவிடுமா?

மே 18

போஞ்சிப் பாத்தியில் லீக்ஸ் வேர் ஓடிய இடத்து மண்ணை இரண்டு கூடை எடுத்து, கோவாப் பாத்தியில் ஒவ்வொரு நாற்றடியிலும் குழி பறித்துப் போட்டேன். அப்பாயி வாசலில் நின்று பார்த்தார்.

"மண்ணுக்கே மண்ணு போடுறியாய்யா?"

"ஆமா அப்பாயி. இதுக்குள்ள ஆள் இருக்கு."

தலையை ஆட்டிவிட்டு, தண்ணீர் மொண்டுவர உள்ளே போனார்.