எமோகோர்: காதால் படித்த பாடம்

இசை வரலாறு படித்தபோது எங்களுக்குக் கேட்டல் தேர்வு ஒன்று உண்டு. 30 வினாடிக்கு ஒரு பாட்டுத் துண்டைப் போடுவார்கள். எந்த வகை, எந்த ஊர், எந்தக் காலம், எதை வைத்துச் சொல்கிறாய் என்று ஒரு பத்தி எழுத வேண்டும். பங்க் என்ற முரட்டு ராக் இசைப் பகுதியில் முதல் தடவை கோட்டை விட்டேன். இசைக்குழுக்களின் பெயரும் ஆண்டும் மனப்பாடம். ஆனால் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்ற குழுவின் பாட்டு ஒலித்தபோது வேகத்தை மட்டும் கவனித்து 'ஹார்ட்கோர், 1981' என்று எழுதிவிட்டேன். ஹார்ட்கோர் என்பது பங்கின் வேகமான, ஆவேசமான வடிவம்; நான் கேட்டதோ அதிலிருந்து பிறந்த, உணர்ச்சி ததும்பும் எமோகோர்.

அடுத்த தடவை பட்டியலை மூடி வைத்துவிட்டு இரண்டே பாட்டில் தொடங்கினேன். நீங்களும் அப்படியே தொடங்குங்கள். முதலில் மைனர் திரெட் என்ற ஹார்ட்கோர் குழுவின் 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்', 1981. மொத்தமே 45 வினாடி. அப்புறம் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் 1985-இல் வெளியிட்ட ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'எண்ட் ஆன் எண்ட்'. ஏழு நிமிடத்துக்கும் மேல். இரண்டும் வாஷிங்டன் டிசியில் பிறந்தவை, இரண்டையும் வெளியிட்டது டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ்தான். இடையில் நான்கே ஆண்டுகள்.

முதல் பாட்டில் குரல் எதிரே நிற்பவரைப் பார்த்துக் கத்துகிறது. இரண்டாவதில் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கின் பாடகர் பிச்சியோட்டோவின் குரலை ஹெட்போனில் கேளுங்கள். பாடத்தான் தொடங்குகிறார், வரி முடிவதற்குள் தொண்டை கிழிந்து, அழுகையா கத்தலா என்று பிரிக்க முடியாத இடத்துக்குப் போய்விடுகிறது. ஒரே வரியை இருபது தடவையாவது திருப்பிக் கேட்டிருப்பேன். டிரம்ஸில் ஹார்ட்கோரின் வேகம் அப்படியே இருக்கிறது. கிட்டார் மட்டும் கார்டுகளை (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டுகளை) விட்டுப் பிரிந்து தனியாக ஒரு மெட்டை இழுக்கிறது. வரிகளில் கோபத்தைவிட இழப்பும் நினைவும் அதிகம். இந்தப் பாட்டை நான் நேசிக்கத் தொடங்கியது அப்போதுதான்; அதன் பிறகு படிப்பது சுமையாகவே இல்லை.

'ஏன் மாறியது?' என்ற கேள்வியைத் தவறவிடாதீர்கள், மதிப்பெண் அங்கேதான். 80-களின் நடுவில் டிசி கச்சேரிகளில் அடிதடி பெருகிவிட்டது. அந்தக் களத்தை உருவாக்கியவர்களுக்கே அது அலுத்தது. 1985 கோடையில் புது இசைக்குழுக்களோடு வேறு மாதிரியான சூழலைத் தொடங்கினார்கள். அதற்கு 'ரெவல்யூஷன் சம்மர்' என்று பெயர். இனவெறி ஆட்சியை எதிர்த்துத் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் மேளம் கொட்டியதும் அந்தக் கோடையில்தான். ஒரு எச்சரிக்கை: 'எமோகோர்', சுருக்கமாக 'எமோ', என்று அந்த இசைக்குழுக்களே பெயர் வைத்துக்கொண்டதாக எழுதிவிடாதீர்கள். அந்தப் பெயரை அவர்கள் வெறுத்தார்கள்.

எமோகோரிலிருந்து கிளைத்த, அலறல் மிகுந்த ஸ்க்ரீமோவைப் பிரித்தறிவது சுலபம். 90-களின் தொடக்கத்தில் சான் டியேகோவில் கிராவிட்டி ரெக்கார்ட்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்தது. ஹெரோயின் என்ற குழுவைக் கேட்டால் பிடிபடும். பத்தாண்டின் இறுதியில் நியூயார்க்கின் சயீஷியா குழு. கிட்டார் மெல்ல நடந்துகொண்டிருக்கும், முணுமுணுப்பு கேட்கும், சட்டென்று எல்லாமே வெடிக்கும்.

இரண்டாம் தேர்வில் ஒலித்த குரல் எனக்கு நன்றாகத் தெரிந்தது. மைனர் திரெட்டின் இயன் மக்கேதான். ஆனால் பாட்டு நிதானமாக நகர்ந்தது, கிட்டாரில் மெட்டு இருந்தது. மைனர் திரெட் 1983-லேயே கலைந்துவிட்டதே என்று யோசித்து, அவர் பிறகு பாடிய குழுவான 'எம்பிரேஸ்' என்று எழுதினேன். ஆண்டைக் குறிக்கும்போது கவனம்: பாட்டுகள் பதிவானது 1985-86-இல், ஆல்பம் வந்தது 1987-இல். நான் இரண்டையும் எழுதினேன்.