ஆணியை உடனே பிடுங்காதீர்கள்

போன மாதம் ஒரு மாலை, வண்டியின் பின்பக்கம் லேசாக நழுவுவது போல இருந்தது. ரோட்டில் மணல் கிடக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு போனேன். அடுத்த வளைவில் யாரோ சீட்டுக்குக் கீழே கையைக் கொடுத்து இரண்டு பக்கமும் ஆட்டுகிற மாதிரி ஒரு ஆட்டம். சந்தேகமே இல்லை, பின் டயர் பஞ்சர்.

பின் டயரில் காற்று இறங்கினால் முதலில் இடுப்புக்குத் தெரியும், முன் டயரில் இறங்கினால் கைக்குத் தெரியும். ஹேண்டில் திடீரென்று கனத்துப்போய், திருப்பினால் பிடிவாதம் பிடிக்கும். இரண்டில் முன் டயர்தான் ஆபத்து. எதுவாக இருந்தாலும் பயத்தில் கையும் காலும் தானாக பிரேக்குக்குப் போகும், அங்கேதான் பலர் விழுகிறார்கள். காற்றில்லாத சக்கரத்தில் பிரேக் பிடித்தால் டயர் ரிம்மை விட்டு நகர ஆரம்பிக்கும், அதற்குப் பிறகு வண்டி நம் பேச்சைக் கேட்காது. ஹேண்டிலை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விட்டு, வேகம் தானாகக் குறையட்டும். பிரேக் வேண்டுமென்றால் நல்ல சக்கரத்தின் பிரேக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக. பின் டயர் போயிருந்தால் முன் பிரேக், முன் டயர் போயிருந்தால் பின் பிரேக்.

வளைவிலேயே நிறுத்தாமல், பின்னால் வருகிறவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரிகிற ஒரு இடமாகப் பார்த்து ஓரம் கட்டினேன். தரை கெட்டியாக இருக்கிறதா என்று காலால் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டாண்டு போட்டேன், மண்ணில் போட்டால் வண்டி சாய்ந்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு இதே மாதிரி ஒரு ஓரத்தில் நின்றபோது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அன்றும் டியூப்லெஸ் டயர் (உள்ளே தனியாக டியூப் இல்லாதது), அன்றும் ஒரு ஆணி. பார்த்த உடனே கட்டிங் பிளேயரை எடுத்து ஆணியைப் பிடுங்கினேன். கையில் பஞ்சர் கிட் இல்லை, பம்பு இல்லை. அதுவரை மெதுவாகக் கசிந்துகொண்டிருந்த காற்று ஒரே மூச்சில் புஸ்ஸென்று போனது, சக்கரம் ரிம்மோடு தரையில் உட்கார்ந்தது. இருட்டும் நேரத்தில் நான்கு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். டியூப்லெஸ் டயரின் உள்பக்கம் காற்று கசியாத ஒரு ரப்பர் அடுக்கு இருக்கிறது, அது குத்திய ஆணியைச் சுற்றி இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அதாவது ஓட்டையைப் போட்ட ஆணியே ஓட்டைக்கு அடைப்பாகவும் இருக்கிறது. அதை அப்படியே விட்டிருந்தால், வழியில் ஒரு தடவை காற்று பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட்டியே போய்ச் சேர்ந்திருப்பேன். அடைக்க எதுவும் கையில் இல்லையென்றால் ஆணியைத் தொடாதீர்கள். இதைத்தான் பார்க்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, இந்தத் தடவை கிட் இருந்தது. வண்டியை நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டிப் பார்த்தேன். டயரின் மேல் மேடுமேடாக இருக்கும் பட்டன்களுக்கு நடுவே சின்னச் சின்ன கல்லெல்லாம் மாட்டியிருக்கும், ஒவ்வொன்றும் ஆணி மாதிரியே தெரியும். கடைசியில் ஒரு ஸ்க்ரூவின் தலை, ரோட்டில் தேய்ந்து தேய்ந்து பள்ளமே இல்லாமல் பளபளவென்று இருந்தது. விரலில் எச்சில் தொட்டு வைத்தேன், ஓரத்தில் குமிழ் வந்தது. சில சமயம் டயரில் ஒன்றுமே இருக்காது, வால்வு கசியும், அதனால் வால்வு வாயிலும் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

பிடுங்கும் முன் ஸ்க்ரூ எந்தச் சாய்வில் இறங்கியிருக்கிறது என்று கவனித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கிட்டில் அரம் மாதிரி இருக்கிற கருவியும் அதே சாய்வில்தான் உள்ளே போக வேண்டும், நேராகக் குத்தினால் டயருக்குள் புதிதாக இன்னொரு வழி கிழியும். அரத்தை நாலைந்து தடவை மேலும் கீழும் ஓட்டியதும் ஓட்டையின் சுவர் சொரசொரப்பாகிவிடும். அப்புறம் பிசுபிசுவென்று இருக்கும் ரப்பர் திரியை ஊசிக் காதில் பாதி வரைக்கும் கோத்து, இரண்டு நுனியும் வெளியே கொஞ்சம் தெரிகிற அளவுக்கு உள்ளே அழுத்த வேண்டும். உடம்பு கனத்தை முழுக்கக் கொடுத்தால்தான் இறங்கும், அதனால் ஸ்டாண்டு உறுதியாக நிற்பது முக்கியம். இறங்கியதும் ஊசியைத் திருகாமல் ஒரே வெட்டாக இழுத்தால் திரி உள்ளேயே தங்கிவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதில் 2, 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டிவிடலாம்.

இதெல்லாம் ரோட்டில் படுகிற நடுப்பகுதிக்கு மட்டும்தான். டயரின் பக்கச் சுவரில் குத்தியிருந்தால் திரி நிற்காது, அந்த இடம் ஓடும்போது ஓயாமல் மடங்கி நிமிர்கிறது. அங்கே ஒட்டு போட்டு வேகமாகப் போவது உயிரோடு விளையாடுவது, டயரை மாற்றியே ஆக வேண்டும். காற்றில்லாமல் ரொம்ப தூரம் ஓட்டினாலும் அதே கதிதான், பக்கச் சுவர் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கி உள்பக்கம் பொடிப்பொடியாக உதிரும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

பம்பு அடித்துக் காற்றழுத்தம் 32 பிஎஸ்ஐ வந்ததும் (என் வண்டியின் பின் டயருக்கு அதுதான் அளவு, உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று அதன் கையேட்டில் இருக்கும்) மறுபடியும் எச்சில் வைத்துப் பார்த்தேன். குமிழ் இல்லை. மெதுவாக ஓட்டி, இரண்டு கிலோமீட்டர் தாண்டி நிறுத்தி, இன்னொரு தடவை பார்த்தேன்.

டியூப் டயர் வேறு கதை. டியூப் ஓட்டையானால் காற்று டயருக்குள் நிற்காது, வால்வு ஓட்டை வழியாகவும் ஸ்போக் ஓட்டைகள் வழியாகவும் சட்டென்று வெளியே போய்விடும், மெதுவாக ஓட்டிப் போகலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சக்கரத்தைக் கழற்றி, டயரின் ஒரு பக்க விளிம்பை ரிம்முக்கு வெளியே எடுத்து, டியூபை உருவ வேண்டும். லீவரைப் போட்டு எவ்வளவு நெம்பியும் வரவில்லையென்றால், எதிர்ப்பக்கத்து விளிம்பை முழங்காலால் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அழுத்திப் பாருங்கள். அங்கே கிடைக்கிற தளர்வு இந்தப் பக்கம் வந்து சேரும், பலமே தேவைப்படாது.

என் நண்பன் வண்டியில் ஒரு தடவை இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தோம். டியூபைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்ந்து தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வரும்வரை பொறுத்திருந்து ஒட்டு போட்டோம். டியூப் உள்ளே முறுக்கிக்கொள்ளாமல் இருக்க இரண்டு அடி காற்று அடித்துவிட்டுத்தான் உள்ளே வைத்தோம். செயின் இழுவை பார்த்து, ஆக்ஸில் நட்டை இறுக்கி, கிளம்பும் முன் பிரேக்கை நாலு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். பத்து நிமிடத்தில் மறுபடியும் பஞ்சர்.

திரும்பவும் எல்லாவற்றையும் பிரித்தோம். ஒட்டு அசையவில்லை, ஆனால் அதற்குப் பக்கத்திலேயே புதிதாக இன்னொரு ஓட்டை. டயருக்குள் வெறும் விரலை ஓட்டினால் கிழித்துவிடும் என்பதால் ஒரு பழைய துணியைச் சுருட்டி உள்ளே வைத்து மெதுவாகச் சுற்றி இழுத்தேன். ஒரு இடத்தில் நூல் மாட்டியது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் மயிர் கனத்தில் ஒரு கம்பி நுனி, நகத்தின் அளவுகூட வெளியே நீட்டவில்லை. பிளேயரால் கவ்வி வெளியே இழுத்தோம். அந்த ஆணியை முதலிலேயே பிடுங்கியிருக்க வேண்டும்.