இறுதித் தீர்ப்புக்குப் பின் வரும் தீர்ப்பு

மாஸ்கோவில் ஒரு வணிக நிறுவனத்தின் சட்டப் பிரிவில் பணியாற்றிய ஆண்டுகளில், தீர்ப்பு இறுதியாகிப் பணமும் கைமாறிவிட்ட வழக்கின் கோப்புக் கட்டைக்கூட ஆவண அறைக்கு அனுப்பத் தயங்குவோம். ரஷ்யாவின் உச்ச வணிக நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008 பிப்ரவரியில் வெளியிட்ட 14ஆம் எண் தீர்மானமே அதற்குக் காரணம். ஒரு சட்டப்பிரிவுக்கு அந்நீதிமன்றம் பின்னாளில் வேறு பொருள் கூறினால், அதற்கு முன்பே இறுதியாகிவிட்ட தீர்ப்பையும், புதிய சூழ்நிலை தெரியவந்ததாகக் கொண்டு மறுஆய்வு செய்யலாம் என்று அத்தீர்மானம் வழிவிட்டது. நடைமுறைச் சட்டத்தில் அப்போது அப்படியொரு காரணம் எழுதப்பட்டிருக்கவில்லை. வழக்கில் வென்ற தொகையைச் செலவிடலாமா என்று கணக்குப் பிரிவினர் கேட்டால், உறுதியான பதில் தர எங்களால் இயலவில்லை.

சில நிறுவனங்கள் இதை எதிர்த்து அரசியலமைப்பு நீதிமன்றத்தை நாடின. 2010 ஜனவரி 21 அன்று வந்த தீர்ப்பு அந்த வழியை மூடவில்லை. ஆனால், புதிய விளக்கம் முடிந்த வழக்குகளுக்கும் பொருந்தும் என்பதை அவ்விளக்கத்தைத் தரும் தீர்ப்பே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றும், அரசோடு வழக்காடும் எளிய தரப்பின் நிலை அதனால் மோசமாகக் கூடாது என்றும் வரையறுத்தது. வரி வழக்குகளைக் கையாண்டவன் என்ற முறையில் இரண்டாவது வரையறையையே நான் பெரிதாக மதிக்கிறேன். நீதிமன்றம் அன்று ஏற்ற பொருளை நம்பி நடந்தவரிடம், பொருள் மாறிவிட்டது என்று சொல்லி அரசு மீண்டும் கைநீட்டுவது முறையன்று.

அவ்வாண்டு டிசம்பரில் வணிக நடைமுறைச் சட்டத்தின் 311, 312ஆம் பிரிவுகள் திருத்தப்பட்டு, இந்த மறுஆய்வுக் காரணம் சட்டத்திலேயே இடம்பெற்றது. மனுச் செய்ய மூன்று மாத அவகாசம் உண்டு. எனினும் வழக்கை முடித்த கடைசித் தீர்ப்பு நடைமுறைக்கு வந்து ஆறு மாதம் கடந்தால் கதவு மூடிவிடும். அதன்பின் எங்கள் வாசிப்பே மாறியது. உச்ச வணிக நீதிமன்றத்தில் தனி வழக்குகளை இறுதியாக மறுபரிசீலித்த தலைமை அமர்வின் தீர்ப்பு ஒன்று வெளியானால் முதலில் கடைசிப் பகுதியைத்தான் பார்ப்போம். இதையொத்த உண்மைகள் கொண்ட வழக்குகளில் வேறு விளக்கத்தின்படி வழங்கப்பட்ட தீர்ப்புகளை, பிற தடைகள் இல்லையெனில், மறுஆய்வு செய்யலாம் என்ற வாசகம் அங்கே இருந்தால், பழைய கட்டுகளை எடுத்து நாள்களைக் கணக்கிடத் தொடங்குவோம்.

ஒரே மாதிரியான இரண்டு வழக்குகளில் ஒன்று ஆறு மாதத்துக்குள் அடங்கித் திறக்கப்பட்டதையும், மற்றது வரம்பைக் கடந்து அப்படியே நின்றதையும் கண்டிருக்கிறேன். தோற்றவருக்கு அது கசப்புதான். ஆயினும் வரம்பே இல்லாதிருப்பதைவிட அந்தக் கசப்பு மேல் என்றே கருதுகிறேன். ஏனெனில் வென்றவரும் கடன் வாங்குகிறார், ஒப்பந்தம் போடுகிறார், ஊதியம் தருகிறார், அவையெல்லாம் அந்தத் தீர்ப்பை நம்பியே நடக்கின்றன.

2014 ஆகஸ்டில் உச்ச வணிக நீதிமன்றம் கலைக்கப்பட்டு, அதன் பணி உச்ச நீதிமன்றத்திடம் சென்றது. பொது உரிமையியல் வழக்குகளிலும், வெளிப்படையான குறிப்பு இல்லாத முழு அமர்வுத் தீர்மானத்தைக் காட்டி முடிந்த தீர்ப்பைத் திறக்கலாகாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2017 அக்டோபர் 17 அன்று கூறியது. அந்த நீதிமன்றங்களில் வழக்காடும் ஓய்வூதியருக்கோ குத்தகைதாரருக்கோ தீர்ப்புகளின் கடைசிப் பகுதியைப் படித்துச் சொல்லச் சட்டப் பிரிவு கிடையாது என்பதால், எங்களைக் காட்டிலும் அவர்களுக்கே இந்தக் காவல் அவசியமாக இருந்தது.