தேய்ந்த கயிறும் காலை ஏழு மணி ஷிப்டும்

திருகோணமலையில் இறங்கி விடுதிக்குப் போனதும் முதல் வேலையாகக் குளிக்கப் போனேன். குழாயைத் திறந்து கண்ணை மூடியதும் தரை மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது, அப்புறம் வலப்பக்கம், சுவரில் கை ஊன்றிக்கொண்டுதான் சோப்புப் போட முடிந்தது. பத்து இரவுகள் படகில் இருந்த உடம்பு நிலத்தை இன்னும் நம்பவில்லை. அந்த ஆட்டம் இரண்டு நாளில் நின்றுவிட்டது. வேறொன்று நிற்கவில்லை, அது தொழிற்சாலை வரைக்கும் என்னோடு வந்தது, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பினாங்கில் பாயான் லெபாஸ் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர், கம்ப்ரசர், கூலிங் டவர், அதோடு சேர்ந்த பம்புகள் எல்லாம் எங்கள் பொறுப்பு. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், காலை ஏழுக்கும் இரவு ஏழுக்கும் ஆள் மாறும். சனி ஞாயிறு லீவு கிடைக்கும்போது லங்காவிக்குப் போய் யாராவது படகில் கயிறு இழுக்க ஆள் கேட்டால் ஏறிக்கொள்வேன். அப்படிப் பழக்கமான ஒரு நியூசிலாந்துத் தம்பதி, இருவருக்கும் அறுபத்தைந்துக்கு மேல், ஜனவரியில் தங்கள் 36 அடிப் பாய்மரப் படகை இலங்கைக்குக் கொண்டுபோகிறோம், மூன்றாவது ஆளாக வருகிறாயா என்று கேட்டார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்கு இங்கே சட்டப்படி வருடத்துக்கு 16 நாள் லீவு. அத்தனையையும் ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தேன். அம்மாதான், "உன் தாத்தா கடல்ல வாந்தி எடுத்துக்கிட்டு வந்து சேர்ந்த ஊருடா இது, நீ எதுக்குத் திரும்பிப் போற?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை, அங்கிருந்து வாங்கிவர ஏதாவது வேண்டுமா என்று பேச்சை மாற்றினேன்.

லங்காவியிலிருந்து திருகோணமலை சுமார் 1,100 கடல் மைல். வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் காற்று முதுகுப் பக்கமாகவே இருக்கும், அதனால்தான் மேற்கே போகிற சிறு படகுகள் ஜனவரி, பிப்ரவரியில் கிளம்புகின்றன. எங்களுக்கு முதல் இரண்டு நாள் காற்றே இல்லை, எஞ்சினில்தான் போனோம். அந்தமான் கடலில் ஓர் இரவு, காற்றில்லாமல் கண்ணாடி மாதிரி கிடந்த தண்ணீரில் திடீரென்று சோறு கொதிக்கிற மாதிரி சத்தம் கேட்டது, நீளமான ஒரு பட்டையாக நுரை எங்களை நோக்கி வந்து படகைக் குலுக்கிவிட்டுக் கடந்து போனது. ஆழத்தில் ஓடும் உள் அலைகள் மேல்தண்ணீரை அப்படிக் கலக்கும் என்று படகுக்காரர் சொன்னார். அதற்கப்புறம் கிரேட் நிக்கோபாருக்கும் சுமத்திராவுக்கும் நடுவே, மலாக்கா நீரிணைக்குப் போகிற வருகிற கப்பல்களின் நெடுஞ்சாலை. அடிவானத்தில் ஒரு வெளிச்சப் பொட்டு தெரிந்தால் இருபது நிமிடத்துக்குள் அது முந்நூறு மீட்டர் நீளக் கப்பலாகப் பக்கத்தில் வந்து நிற்கும். கிரேட் நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையின் கலங்கரை விளக்கம் கண்ணில் படுமா என்று ஓர் இரவு முழுக்கப் பார்த்தேன், நாங்கள் தெற்கே தள்ளிப் போனதால் தெரியவில்லை.

மூன்று பேர், மூன்று மணி நேரம் விழிப்பு, ஆறு மணி நேரம் ஓய்வு. இதை வாட்ச் என்பார்கள். வாட்ச் மாற்றும் விதம்தான் எனக்குப் புதிது. படகுக்காரரின் மனைவி, அந்த அம்மா, மேலே ஏறி வந்ததும் நான் கீழே போய்ப் படுத்துவிட முடியாது. அவர் கண் இருட்டுக்குப் பழகும் வரை பத்து நிமிடம் உட்கார வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்: காற்று எவ்வளவு, எந்தக் கப்பல் எந்தப் பக்கம், பாயை எப்போது சுருக்கினேன், எந்தச் சத்தம் புதிதாகக் கேட்கிறது, எதில் எனக்குச் சந்தேகம். கடைசியாக அவர் அத்தனையையும் எனக்கே திருப்பிச் சொல்வார். முதல் இரண்டு நாள் இது எரிச்சலாக இருந்தது, தூக்கம் கண்ணைச் சுற்றும்போது யாருக்குத்தான் பிடிக்கும்.

ஐந்தாவது இரவு என் வாட்ச் பதினொன்றிலிருந்து இரண்டு வரை. பெரிய பாயின் அடியில் குறுக்கே இருக்கும் கட்டையைப் பூம் என்பார்கள், பின்காற்றில் அது சடாரென்று மறுபக்கம் திரும்பிவிடாமல் இருக்க அதன் நுனியிலிருந்து முன்பக்கத்துக்கு ஒரு கயிற்றை இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஒரு மணி வாக்கில் தலைவிளக்கைப் போட்டுச் சுற்றிப் பார்த்தபோது அந்தக் கயிறு கம்பியில் உரசும் இடத்தில் மேலுறை தேய்ந்து உள்ளிழை வெள்ளையாகத் தெரிந்தது. விரல் அகலம்தான். காலையில் வெளிச்சம் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டு மணிக்கு அவர் வந்தார். காற்றைச் சொன்னேன், கப்பலைச் சொன்னேன், கயிற்றைச் சொல்லவில்லை. மறந்தேன் என்று சொன்னால் அது பொய். சொன்னால் மூன்று பேரும் எழுந்து அந்த இருட்டில் முன்பக்கம் போய்க் கயிறு மாற்ற வேண்டியிருக்கும், எனக்குப் படுக்க வேண்டும், அவ்வளவுதான் காரணம்.

மூன்று மணி சுமாருக்கு ஒரு பெரிய அலை படகைத் திருப்பியது, காற்று பாயின் மறுபக்கம் புகுந்தது, கயிறு அறுந்தது. கீழே படுத்திருந்த எனக்குக் கேட்டது ஒரே சத்தம், படகே இரண்டாகப் பிளந்த மாதிரி. ஓடிப்போய்ப் பார்த்தால் பூம் எதிர்ப்பக்கம் கிடக்கிறது, அந்த அம்மா சுக்கானுக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். தேநீர்க் குவளை கை நழுவி உருண்டதாம், அதை எடுக்கத்தான் குனிந்தாராம். நிமிர்ந்து நின்றிருந்தால் அந்தக் கட்டை அவர் தலையில் அடித்திருக்கும்.

நாங்கள் மூவரும் பேசாமல் புதுக் கயிறு கட்டினோம். அறுந்த நுனியை அவர் விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேய்ந்து அறுந்தது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? "எப்போது பார்த்தாய்?" என்று மட்டும் கேட்டார். "ஒரு மணிக்கு" என்றேன். தலையசைத்தார், கணவரிடம் அதைச் சொன்னார், லாக் புத்தகத்தில் எழுதினார். திட்டவில்லை. அடுத்த வாட்ச்சுக்கு அவர் கணவர் என்னைப் பழையபடியே எழுப்பினார், பத்து நிமிடம் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்கினார். எனக்குப் படகைக் கொடுத்துவிட்டு அவர் தூங்கப் போனார் என்பதை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

பதினோராம் நாள் விடியலில் கோணேசுவரர் கோயில் இருக்கிற மலைமுனை தெரிந்தது. திரும்பி வரும்போது கொழும்பிலிருந்து விமானம், கோலாலம்பூர் வர மூன்றரை மணி நேரம். என் அம்மாவின் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர், அப்புறம் கெடாவில் சுங்கை பட்டாணி பக்கம் ரப்பர் தோட்டம். சோழர்கள் கடாரம் என்று சொன்ன நாடுதான் இந்தக் கெடா. மேற்கிலிருந்து வந்த பழைய மாலுமிகள் கெடாவின் ஜெராய் மலையைப் பார்த்துத்தான் கரையைக் கண்டுபிடித்தார்கள் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். 1,200 மீட்டருக்குச் சற்று மேல் உயரம், கடலோரத்திலேயே தனியாக நிற்கும் மலை. தாத்தாவுக்கும் முதலில் அதுதான் தெரிந்ததா என்று கேட்டிருக்கலாம், நான் பிறக்கும் முன்பே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தபின் எல்லோரும் சுறாவைக் கேட்டார்கள், புயலைக் கேட்டார்கள். புயல் வரவில்லை. பறக்கும் மீன் காலையில் தளத்தில் கிடக்கும் என்று சொன்னால் குழந்தைகளுக்குப் பிடித்தது. கயிற்றுக் கதையை நான் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை விழிப்பு வந்தது, எழுந்து பால்கனியில் நின்று காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். பாத்திரம் கழுவும்போது மனைவி குழாயைத் திறந்தே விட்டால் என் கை தானாகப் போய் மூடும். நாங்கள் தட்டுகளைக் கடல் தண்ணீரில் கழுவிக் கடைசியில் ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசியவர்கள். இரண்டு மூன்று தடவை அதற்காகச் சண்டையும் வந்தது, பாவம், அவள் என்ன செய்வாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் ஷிப்ட் லாக் புத்தகத்தைப் புரட்டினேன். என் கையெழுத்தில் பக்கம் பக்கமாக ஒரே வார்த்தை: நார்மல். ஒன்பது வருடமாக நான் எழுதியது அதுதான். அந்த நார்மலுக்குள் எத்தனை தேய்ந்த கயிறுகள் இருந்தன என்று எனக்குத்தான் தெரியும். கசிகிற வால்வு, அடிக்கடி கத்துவதால் யாரும் மதிக்காமல் பொத்தானை அழுத்தி அடக்கிவிடும் அலாரம், கொஞ்சம் சூடாக ஓடுகிற மோட்டார். எல்லாவற்றையும் ஆறே முக்காலுக்குப் பார்த்துவிட்டு ஏழு மணிக்கு அடுத்தவனிடம் "ஓகே" என்று சொல்லிவிட்டு ஏழேகால் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க ஓடியிருக்கிறேன். தொழிற்சாலையில் அறுந்தால் தலையில் விழாது என்பது ஒரு வசதி. யாருடைய ஷிப்டில் அறுகிறதோ அவன் தலையில் மெமோ விழும். எனக்கு அடுத்து வந்த பையன் ஒருவன் போன வருடம் அப்படி ஒரு மெமோ வாங்கினான், கம்ப்ரசர் நின்று லைன் நின்ற விவகாரம். அந்தச் சத்தத்தை முந்தின இரவே கேட்டவன் நான்.

மூன்றாவது வாரம், அதிகாலை ஐந்து நாற்பது. சில்லரிலிருந்து குளிர்ந்த தண்ணீரை அனுப்பும் இரண்டாம் நம்பர் பம்பில் பேரிங் பக்கம் மெல்லிய ஓர் அரைப்பு. நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பேரிங் உறையில் வைத்து கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன், எங்கள் பிரிவில் எல்லோரும் செய்வதுதான். மணல் அரைபடுகிற மாதிரி இருந்தது. ஏழு மணிக்கு மாற்று ஆள் வந்ததும் வாருங்கள் அண்ணே என்று அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கையை உறையில் வைக்கச் சொன்னேன். அவர் என்னைவிடப் பதினைந்து வருடம் மூத்தவர். "எல்லா பம்பும் கொஞ்சம் கத்தும் தம்பி" என்றார். நான் போகவில்லை. முதலாம் பம்பில் வைத்துப் பாருங்கள், அப்புறம் இதில் வையுங்கள் என்றேன். வைத்தார். ஒன்றும் சொல்லாமல் ரேடியோவில் மேலதிகாரியைக் கூப்பிட்டார். ஸ்டாண்ட்பை பம்பை ஓடவிட்டு அன்று மத்தியானமே அதைப் பிரித்தார்கள், பேரிங் வளையத்தில் சின்னச் சின்னக் குழிகள்.

பேருந்து போய்விட்டது, கிராப் டாக்சி பிடித்து வீட்டுக்குப் போனேன். இனி ஷிப்ட் மாறும்போது கால் மணி நேரம் இருவரும் சேர்ந்து சுற்றி வர வேண்டும், அந்தக் கால் மணி நேரத்துக்குச் சம்பளம் வேண்டும் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். சுற்றி வரலாம், சம்பளம் முடியாது என்றார். இதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. படகில் அந்தப் பத்து நிமிடமும் வாட்ச்சோடு சேர்ந்த வேலைதான். தொழிற்சாலையில் மட்டும் அதை மனிதர்கள் தங்கள் தூக்கத்திலிருந்து எடுத்துத் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன், மூன்றாவது தடவையும் கொடுப்பேன்.

தூக்கம் வராத இரவுகளில் 1968-ல் தொடங்கிய அந்தத் தனியாள் உலகப் பாய்மரப் போட்டியைப் பற்றி நினைப்பேன். பிரெஞ்சுக்காரர் மொய்ட்டெசியே தென்னமெரிக்க முனையைச் சுற்றிய பிறகு, ஊர் திரும்பிக் கரையேறப் பிடிக்காமல் போட்டியை விட்டுவிட்டு மறுபடி கிழக்கே திரும்பி தாஹிட்டி வரை போனார். சின்ன வயதில் எனக்கு அவர்தான் நாயகன். ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் பம்பாயில் கட்டிய 32 அடி சுஹைலியில் 312 நாள் கழித்து 1969 ஏப்ரல் 22-ல் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்குத் திரும்பினார். ரஜூலாவை ஓட்டிய அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியில் அதிகாரியாக இருந்தவர். பரிசாகக் கிடைத்த 5,000 பவுண்டை, அதே போட்டியில் கடலில் காணாமல் போன குரோஹர்ஸ்ட் என்பவரின் குடும்பத்துக்குக் கொடுத்தார். அத்தனை நாள் தனியாக இருந்துவிட்டுக் கரையேறிய மனிதன் இன்னொருவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்தார். இப்போது எனக்கு அவரைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கத் தோன்றுகிறது.

மெமோ வாங்கிய அந்தப் பையன் போன மாதம் என் ஷிப்டுக்கு அடுத்த ஆளாகத் திரும்ப வந்தான். முதல் நாள் காலையிலேயே அவனை உட்கார வைத்து, கம்ப்ரசர் சத்தத்தை முந்தின இரவே நான் கேட்டேன், உன்னிடம் சொல்லவில்லை என்று சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "எத்தனை மணிக்குக் கேட்டது அண்ணே?" என்றான். நாலரை என்றேன். அவன் லாக் புத்தகத்தை எடுத்துப் பழைய தேதியைத் தேடி, நார்மல் என்று நான் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் பேனாவை வைத்து என்னிடம் நீட்டினான்.