உறக்கமா, சாவா?
சென்னையில் பனி என்றால் மார்கழி விடியலில் மஃப்ளர் கட்ட வைக்கும் ஈரம். அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டின் 'Stopping by Woods on a Snowy Evening' என்ற 1923ஆம் ஆண்டுக் கவிதையில் பெய்வது வேறு. சத்தமில்லாமல் காட்டை நிரப்பும் வெண்பனி. ஆண்டின் மிக இருண்ட மாலை, ஒரு பக்கம் காடு, மறுபக்கம் உறைந்த ஏரி. அழகுதான் அங்கே வழியில் குதிரையை நிறுத்திய ஆளை இழுக்கிறது. அவனை உசுப்புவது குதிரை சிலுப்பும் மணி.

"உறங்குவது போலும் சாக்காடு" என்ற குறளில் (339) ஊறிய நமக்கு, "தூங்குமுன் போகவேண்டிய தூரம் இன்னும் உண்டு" என்ற கடைசி அடியின் தூக்கம் உடனே சாவாகிவிடும். அவசரம் வேண்டாம், ஃப்ராஸ்டே அதை மறுத்தவர். யாப்பைப் பாருங்கள். முதல் மூன்று பத்திகளிலும் மூன்றாம் அடியின் இயைபு (அடியிறுதி ஒலி) தனித்து நின்று அடுத்த பத்தியை இழுத்துவரும். நான்காவதில் நான்கு அடிக்கும் ஒரே இயைபு, இழுக்க எதுவும் மிச்சமில்லை. கடைசி அடி, முந்தைய அடியேதான். முதல்முறை அது வீடு போய்ச் சேரவேண்டிய தூரம். மறுமுறை அதே தூரம் கனக்கிறது.